பல்லைக் கடிச்சுக்கிட்டே எத்தனை நாள் ஓட்டுறது

போன வருஷம் ஒரு நாள் காலைல எந்திரிச்சா வாயைத் திறக்கவே முடியல, கொட்டாவி விடப் போனா வலது பக்கத் தாடையில ஆரம்பிச்சு காது வரைக்கும் சுள்ளுனு இழுக்குது. கடைவாய்ப் பல்லு ஏதோ சொத்தை ஆயிடுச்சு போலன்னு நினைச்சு டென்டிஸ்ட்கிட்ட போனேன். அவங்க எக்ஸ்ரே எடுத்துப் பாத்துட்டு பல்லுல ஒண்ணும் இல்லம்மா அப்படின்னாங்க. அப்புறம் ரெண்டு விரலை என் கன்னத்துல, காதுக்குக் கொஞ்சம் முன்னாடி வச்சு, "பல்லை நல்லா கடிங்க"ன்னாங்க, கடிச்சேன். "இப்ப விடுங்க"ன்னாங்க, விட்டேன். "இல்ல, இன்னும் விடல, விடுங்க." விட்டுட்டேனே டாக்டர்னு சொன்னேன். அவங்க ஒண்ணும் பேசாம என் விரலையே எடுத்து அந்த இடத்துல வச்சாங்க. அங்க ஒரு சதை கூழாங்கல்லு மாதிரி இறுகிக் கிடக்குது, நான் விட்டுட்டேன்னு சத்தியம் பண்ற அந்த நிமிஷத்துலயும்.

"நைட்டு தூக்கத்துல பல்லு நறநறன்னு கடிப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. இல்லவே இல்லன்னு சொல்லிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து இவர்கிட்ட கேட்டா, "கடிப்பியே, நான் எத்தனை நாள் உன்னைப் புரட்டிப் படுக்க வச்சிருக்கேன், உனக்கே தெரியும்னு நினைச்சேன்"ங்கிறார்.

எனக்கு வலியை விட ரொம்ப நாள் மனசுல நின்னது அந்த "இன்னும் விடல"தான். விட்டுட்டேன்னு நான் நம்பிக்கிட்டு இருக்கேன், உடம்பு விடாம பிடிச்சுக்கிட்டு இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல பேச்சுவார்த்தையே இல்ல. அந்த சமயத்துல வீட்டுல அப்பாவுக்கு உடம்பு சரியில்ல, ஆபீஸ்ல ரெண்டு பேர் வேலை என் தலையில, பொண்ணுக்குப் பரீட்சை நேரம். யாராச்சும் எப்படி இருக்கன்னு கேட்டா "பல்லைக் கடிச்சுக்கிட்டு இந்த ரெண்டு மாசத்தை ஓட்டிரணும்"னு நானேதான் சொல்லுவேன். அது வெறும் பேச்சுக்குச் சொல்றதுன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

இதை எழுதறதுக்குக் காரணம், அன்னிக்கு அப்புறம் நான் கத்துக்கிட்ட சில விஷயங்கள் ரொம்ப சுலபமானது, காசு பணம் செலவில்லாதது, ஆனா யாரும் நமக்குச் சரியா சொல்லித் தர்றதில்ல. "டென்ஷன் ஆகாத", "ரிலாக்ஸா இரு", "எதையும் மனசுல போட்டுக்காத" இப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க, அன்பாதான் சொல்றாங்க, ஆனா எப்படி இருக்கிறதுன்னு கேட்டா பதில் இருக்காது. மனசுக்கு ஆர்டர் போட்டா அது கேக்காது. தூக்கம் வராத நைட்டு "தூங்கு தூங்கு"ன்னு நம்மளையே அதட்டிப் பாத்தவங்களுக்கு இது தெரியும்.

உடம்பு ஏன் இப்படி இறுகுதுன்னு கொஞ்சம் சொல்லிடறேன். 1915லயே வால்டர் கேனன்னு ஒரு அமெரிக்க உடலியல் விஞ்ஞானி இதைப் பத்தி புஸ்தகம் போட்டுட்டார். பயமோ கோபமோ வந்தா கிட்னிக்கு மேல உக்காந்திருக்கிற அட்ரினல் சுரப்பி அட்ரினலினை விடுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது, ரத்தம் தசைக்குப் போகுது, ஒண்ணு எதிர்த்து நில்லு இல்ல ஓடுன்னு உடம்பு ரெடி ஆகுது. ஓடியோ அடிச்சோ முடிச்சிருந்தா அந்த இறுக்கம் செலவாகியிருக்கும். நாம நாற்காலியில உக்காந்தபடியே மேனேஜரோட மெயிலைப் படிக்கிறோம், ஓடவும் இல்ல அடிக்கவும் இல்ல, தயார் பண்ணதெல்லாம் தோளுலயும் தாடையிலயும் அப்படியே தங்கிடுது. அட்ரினலை நிறுத்துன்னு நம்மால சொல்ல முடியாது, இதயத்தை மெதுவா அடின்னு சொல்ல முடியாது. ஆனா மூச்சும் தசையும் மட்டும் ரெண்டு பக்கமும் பேசும், அது பாட்டுக்கும் ஓடும், நாம சொன்னாலும் கேக்கும். அதனால உள்ள போறதுக்கு நமக்கு இருக்கிற வழி இந்த ரெண்டுதான்.

முதல்ல தசை. டென்டிஸ்ட்தான் எனக்கு எட்மண்ட் ஜேக்கப்சன் பேரைச் சொன்னாங்க. சிகாகோவுல இருந்த டாக்டர், 1929ல இதைப் புஸ்தகமா எழுதினவர். அவர் கவனிச்சது என்னன்னா, பேஷன்ட்டைப் படுக்க வச்சு ஓய்வு எடுங்கன்னு சொன்னா அவங்க அசையாம படுத்திருக்காங்க, நான் ஓய்வாதான் இருக்கேன்னு சொல்றாங்க, ஆனா தசையில இன்னும் ஒரு மிச்ச இறுக்கம் இருந்துக்கிட்டே இருக்கு, அது அவங்களுக்கே தெரியல. இதைப் படிச்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு, நூறு வருஷம் முன்னாடி ஒருத்தர் என் தாடையைப் பத்தி எழுதி வச்ச மாதிரி இருந்துச்சு. அவர் கண்டுபிடிச்ச வழி, வேணும்னே ஒரு தசையை இறுக்கு, அந்த உணர்ச்சி எப்படி இருக்குன்னு கவனி, அப்புறம் விடு, விட்டது எப்படி இருக்குன்னு கவனி. இறுக்கறது எதுக்குன்னா பலம் வர்றதுக்கு இல்ல, இறுக்கம்னா என்னன்னு அடையாளம் தெரிஞ்சுக்கறதுக்கு. இதை நிறைய பேர் எக்சர்சைஸ் மாதிரி பல்லு தெறிக்க பண்றாங்க, அப்படி வேண்டாம், முக்கால்வாசி பலம் கூட அதிகம்தான்.

அவரோட முறை ரொம்ப நீளம், மாசக் கணக்குல உக்காரணும். பின்னாடி வந்தவங்க அதைச் சுருக்கினாங்க, 1973ல பெர்ன்ஸ்டைன், போர்கோவெக்னு ரெண்டு பேர் 16 தசைக் கூட்டமா பிரிச்சு ஒரு கையேடு போட்டாங்க, இன்னிக்கு நாம கேக்கறதெல்லாம் பெரும்பாலும் அதோட வாரிசுதான். நான் பண்றது அதுலயும் சுருக்கம். படுத்துக்கிட்டு வலது கையை மூடி முஷ்டி பிடிக்கிறேன், 5 செகண்ட் 6 செகண்ட் இருக்கும், விரல் முட்டி வெளுக்கிறது தெரியும், மணிக்கட்டுக்கு உள்பக்கம் நரம்பு இழுக்கும், மூச்சை அடக்காம அப்படியே பிடிச்சிருந்துட்டு, மெல்ல மெல்ல இல்லாம டக்குனு ஒரேயடியா விடறேன். இப்பதான் முக்கியமான இடம், இங்கதான் எல்லாரும் அவசரப்பட்டு அடுத்ததுக்குத் தாவிடுவாங்க. 20, 30 செகண்ட் ஒண்ணும் பண்ணாம அந்தக் கையைக் கவனிக்கணும். முதல்ல விரல் நுனியில ஒரு குறுகுறுப்பு, அப்புறம் உள்ளங்கையில கொஞ்சம் கதகதப்பு, அப்புறம் கை கனமாகி மெத்தைக்குள்ள இறங்கற மாதிரி. இடது கையைப் பக்கத்துல வச்சு ஒப்பிட்டுப் பாருங்க, ரெண்டும் வேற வேற ஆள் கை மாதிரி இருக்கும். அப்புறம் இடது கை, தோள் ரெண்டையும் காது வரைக்கும் தூக்கி விடறது, நெத்தி, கண்ணு, தாடை, வயிறு, தொடை, கடைசியா பாதம். பாதத்தை மட்டும் லேசா, இல்லன்னா ஆடுதசை பிடிச்சுக்கும், அந்த வலி வந்துட்டா ரிலாக்ஸ் எங்க போச்சுன்னே தெரியாது. மொத்தம் 10, 12 நிமிஷம்.

முதல் வாரம் எனக்கு ஒண்ணும் தெரியல, உண்மையைச் சொல்லிடறேன். இது எனக்கெல்லாம் வேலைக்கு ஆகாது போலன்னு கூட தோணிச்சு. ரெண்டாவது வாரம் நடுவுல ஒரு நாள், படுத்துக்கிட்டு பண்ணும்போது இல்ல, சிக்னல்ல வண்டியை நிறுத்திட்டு நிக்கிறேன், என் தோள் ரெண்டும் மேல தூக்கிக்கிட்டு இருக்கிறது எனக்கே தெரிஞ்சுது. யாரும் சொல்லாம, விரல் வச்சுப் பாக்காம, உள்ள இருந்தே தெரிஞ்சுது. இறக்கினேன். அவ்வளவுதான் நடந்துச்சு, ஆனா எனக்கு அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு.

தாடைக்கு மட்டும் டென்டிஸ்ட் தனியா ஒண்ணு சொல்லிக் கொடுத்தாங்க, அது உங்களுக்கும் உதவும். உதடு ரெண்டும் லேசா சேர்ந்திருக்கணும், பல்லு ரெண்டு வரிசையும் ஒட்டக்கூடாது, நடுவுல ஒரு சின்ன இடைவெளி, நாக்கு நுனி மேல் முன்பல்லுக்குப் பின்னாடி மெதுவா சாஞ்சிருக்கணும். சாப்பிடும்போதும் முழுங்கும்போதும் தவிர மேல் பல்லும் கீழ்ப் பல்லும் தொடவே தேவையில்லையாம், எனக்கு இது தெரியவே தெரியாது, வாயை மூடினா பல்லும் மூடணும்னுதான் இத்தனை வருஷம் நினைச்சிருந்தேன். இதைப் படிச்சுக்கிட்டு இருக்கிற இந்த நிமிஷம் உங்க பல்லு ஒட்டியிருக்கான்னு பாருங்க. லேப்டாப் ஓரத்துல ஒரு சின்ன பச்சை ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கேன், அதுல ஒண்ணும் எழுதல, கண்ணு படும்போதெல்லாம் பல்லு விடணும். ஆபீஸ்ல அது என்னன்னு கேட்டவங்களுக்குச் சொல்லி, இப்ப இன்னும் மூணு பேர் லேப்டாப்ல பச்சை ஸ்டிக்கர் இருக்கு.

அடுத்து மூச்சு. இதுல நான் பண்ண தப்பை முதல்ல சொல்றேன். "நல்லா டீப்பா மூச்சு இழு"ன்னு சொல்றதை நம்பி படபடப்பு வரும்போதெல்லாம் நெஞ்சு நிறைய வேக வேகமா இழுத்தேன், ரெண்டே நிமிஷத்துல தலை கிறுகிறுன்னு வந்து விரல் எல்லாம் மரத்துப் போச்சு, ஏதோ பெரிய வியாதின்னு பயந்துட்டேன். அப்படி வேகமா பெருசா மூச்சு விட்டா ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு தேவைக்குக் கீழ இறங்கிடும், அதுதான் கிறுகிறுப்பு. இழுக்கறது பெருசா இருக்கணும்னு அவசியமே இல்ல, விடறது நீளமா இருக்கணும்.

நம்ம பாஷையிலயே இது இருக்கு பாருங்க. மாடிப்படி ஏறி திணறினா "மூச்சு வாங்குது"ங்கிறோம். வேலை எல்லாம் முடிஞ்சு நிம்மதியானா "இப்பதான் மூச்சு விட முடியுது"ங்கிறோம். வாங்கறது கஷ்டத்துல, விடறது நிம்மதியில. எனக்கு இது ஒரு நாள் நைட்டு படுத்திருக்கும்போது தோணிச்சு, அதுக்கப்புறம் மறக்கவே இல்ல.

நம்பிக்கை இல்லன்னா உங்க கையிலயே பாக்கலாம். மணிக்கட்டுல பெருவிரல் பக்கமா நாடி பிடிச்சுக்கோங்க, மெதுவா 4 எண்ணி மூச்சை இழுங்க, 6 எண்ணி விடுங்க, நாலஞ்சு தடவை. இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் நெருங்கி வரும், விடும்போது இடைவெளி விழும். எல்லாருக்கும் தெளிவா தெரியாது, வயசு ஏற ஏற குறையும், ஆனா தெரிஞ்சவங்க முகத்தைப் பாக்கணும், என் பொண்ணு "அம்மா, நானே ஸ்லோ பண்றேன் பாரு"ன்னு பத்து தடவை பண்ணிப் பாத்தா. காரணம் வேகஸ்னு ஒரு நரம்பு, மூளையில இருந்து கழுத்து வழியா இறங்கி இதயம் வயிறு வரைக்கும் போகுது. இதயத்தை அது பாட்டுக்கு விட்டா நிமிஷத்துக்கு 100 தடவை கிட்ட அடிக்குமாம், ஓய்வா இருக்கும்போது 60, 70ன்னு வச்சிருக்கிறதே இந்த நரம்பு போடற பிரேக்தான். மூச்சை இழுக்கும்போது பிரேக் லேசா தளருது, விடும்போது பிடிக்குது. இந்த நரம்பு ஒரு ரசாயனத்தை விட்டுத்தான் அந்த பிரேக்கைப் போடுதுன்னு 1921ல ஓட்டோ லோவின்னு ஒரு விஞ்ஞானி ரெண்டு தவளையோட இதயத்தை வச்சுக் காட்டினார். ஒண்ணோட வேகஸ் நரம்பைத் தூண்டி அதைச் சுத்தி இருந்த திரவத்தை எடுத்து இன்னொண்ணுல விட்டா, அந்த இதயமும் மெதுவாச்சு. இந்த யோசனை அவருக்குத் தூக்கத்துல வந்துச்சாம், நைட்டு எந்திரிச்சு கிறுக்கி வச்சிட்டு காலைல பாத்தா அவர் எழுத்து அவருக்கே புரியல, மறுநாள் நைட்டு அதே யோசனை திரும்ப வந்ததும் நேரா லேபுக்கு ஓடிட்டாராம், அவரே சொன்ன கதை. 1936ல நோபல் வாங்கினார்.

நாம சாதாரணமா நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 தடவை மூச்சு விடறோம். 4 இழுத்து 6 விட்டா நிமிஷத்துக்கு 6 தான் வரும். எனக்கு ஆரம்பத்துல 6 எண்ணறதுக்குள்ள காத்து தீந்துடும், அப்ப 3 இழுத்து 4 விட்டேன், கணக்கு முக்கியமில்ல, விடறது நீளமா இருந்தா போதும். வயித்து மேல ஒரு கை வச்சுக்கிட்டா இன்னும் நல்லது, இழுக்கும்போது கை மேல வரணும், தோள் ஏறக்கூடாது.

அப்புறம் பெருமூச்சு. எங்க வீட்டுல பெருமூச்சு விட்டா "ஏன் இப்படி பெருமூச்சு விடற, என்ன குறை உனக்கு"ன்னு கேப்பாங்க, அதனால சின்ன வயசுலயே அதை அடக்கப் பழகிட்டேன். அது உடம்பு தானா பண்ணிக்கிற வைத்தியம்னு இப்பதான் தெரியுது, நுரையீரலுக்குள்ள சுருங்கிப்போன சின்னச் சின்னக் காத்துப் பைகளைத் திரும்ப விரிக்கறதுக்காக நமக்குத் தெரியாமலே மணிக்குப் பல தடவை பெருமூச்சு விடறோம். குழந்தை அழுது முடிச்சதும் விக்கி விக்கி ரெண்டு தடவை இழுத்துட்டு நீளமா ஒண்ணு விடும் பாத்திருக்கீங்களா, அதேதான். வேணும்னே பண்ணணும்னா மூக்கு வழியா ஒரு தடவை இழுத்து, விடாம அது மேலயே இன்னும் கொஞ்சம் இழுத்து, வாய் வழியா மெதுவா கடைசி வரைக்கும் விடறது. ஸ்டான்ஃபோர்டுல 100 பேருக்கு மேல வச்சு ஒரு மாசம், தினம் 5 நிமிஷம் பண்ணச் சொல்லி 2023ல முடிவு வெளியிட்டாங்க, இப்படி பெருமூச்சு விட்டவங்களுக்கு, சும்மா உக்காந்து மூச்சைக் கவனிச்சு தியானம் பண்ணவங்களை விட மனநிலை நல்லா மாறியிருந்துச்சு. எனக்கு 5 நிமிஷம் எல்லாம் நேரமில்ல, போன் எடுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு, அப்பா ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி கதவு பிடியில கை வச்சுக்கிட்டு ரெண்டு. அந்த ரெண்டுக்கே என் குரல் மாறுது. அப்பாவே ஒரு நாள் "இன்னிக்கு நீ கத்தாம பேசற"ன்னார், அதுவரைக்கும் நான் கத்திக்கிட்டு இருந்தேன்னு எனக்குத் தெரியாது.

நைட்டு விஷயத்துக்கு வர்றேன். படுத்ததும் தலைக்குள்ள லிஸ்ட் ஓடுதே, அதுக்கு மூச்சு மட்டும் பத்தல எனக்கு. பேப்பர் பேனா எடுத்து நாளைக்கு என்ன என்ன பண்ணணும்னு 5 நிமிஷம் எழுதறேன். 2018ல அமெரிக்காவுல பெய்லர் யுனிவர்சிட்டியில 57 பேரை வச்சுப் பாத்திருக்காங்க, நாளைக்குச் செய்ய வேண்டியதை எழுதினவங்க, செஞ்சு முடிச்சதை எழுதினவங்களை விட சுமார் 9 நிமிஷம் முன்னாடியே தூங்கிட்டாங்க. சின்ன ஆய்வுதான், ஆனா அதுல ஒரு விஷயம் என் அனுபவத்தோட அப்படியே ஒத்துப்போகுது, எவ்வளவு விவரமா எழுதறோமோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். "ஆபீஸ் வேலை"ன்னு எழுதினா தலை விடாது, "11 மணிக்கு அக்கவுன்ட்ஸ்ல கேட்டு ரெண்டாவது பில்லை வாங்கணும்"னு எழுதினா விட்டுடுது. போன்ல எழுதாதீங்க, எழுத எடுத்தா வேற எங்கயோ போய் நிக்கும்.

செய்ய வேண்டியது ஒண்ணும் இல்லாத கவலை இருக்கே, அப்பா ரிப்போர்ட் என்ன சொல்லுமோ மாதிரி, அதுக்கு மேல சொன்ன போர்கோவெக்கே 1983ல ஒரு வழி எழுதியிருக்கார். கவலைப்படறதுக்குன்னு தினம் ஒரே இடத்துல ஒரே நேரத்துல அரை மணி நேரம் ஒதுக்கு, மத்த நேரத்துல வந்தா அந்த நேரத்துக்குத் தள்ளிப் போடு. கவலையை வராதேன்னு சொல்லல, ஆறு மணிக்கு வான்னு சொல்றோம். எனக்கு மாடிப்படியில மூணாவது படிதான் அந்த இடம். பாதி நாள் ஆறு மணிக்குப் போய் உக்காந்தா மதியம் அப்படி அழுத்துனது பாதியா இருக்கும், பாதி நாள் உக்காந்து அழுதுட்டுத்தான் எந்திரிச்சேன், அதுவும் நல்லதாத்தான் இருந்துச்சு.

கண்ணை மூடி உக்காந்து ஆடியோ கேட்டு பண்றது எனக்குச் சரிப்படல. அமைதியா ஆக ஆக உள்ள பயம் ஜாஸ்தி ஆச்சு, நெஞ்சு அடைக்கிற மாதிரி. நமக்கு மட்டும்தான் இப்படியோன்னு ரொம்ப குற்ற உணர்ச்சியா இருந்துச்சு, ஆனா ரிலாக்ஸ் பண்ணும்போதே பதட்டம் வர்றது சில பேருக்கு நடக்கறதுதான், ஆராய்ச்சியிலயே அதுக்குத் தனிப் பேர் வச்சிருக்காங்க. உங்களுக்கும் அப்படின்னா கண்ணைத் திறந்து வச்சுக்கிட்டு பண்ணுங்க, ரெண்டு நிமிஷத்தோட நிறுத்துங்க, இல்ல நடந்துக்கிட்டே பண்ணுங்க. நடந்தா உடம்பு தயார் பண்ணி வச்ச ஓட்டமும் கொஞ்சம் செலவாகும்.

இன்னொண்ணு கண்டிப்பா சொல்லணும். கழுத்து இடுப்புல அடிபட்டவங்க, ஆபரேஷன் ஆனவங்க அந்த இடத்தை இறுக்காதீங்க. மூச்சை அடக்கற பயிற்சி எல்லாம் ஆஸ்துமா, இதய நோய் இருக்கிறவங்களும் கர்ப்பமா இருக்கிறவங்களும் டாக்டரைக் கேக்காம பண்ணாதீங்க. நெஞ்சு வலி வந்தா அதை ஸ்ட்ரெஸ்னு நீங்களே முடிவு பண்ணிட்டு மூச்சு எண்ணிக்கிட்டு உக்காராதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. வாரக் கணக்குல தூக்கம் இல்ல, எதுலயும் பிடிப்பு இல்ல, வாழ்ந்து என்னங்கிற நினைப்பு வருதுன்னா அது இந்தப் பயிற்சியில அடங்கற விஷயம் இல்ல, வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லுங்க, மனநல டாக்டரைப் பாருங்க, தள்ளிப் போடாதீங்க.

அதே மாதிரி ரெண்டு பேர் வேலையை ஒருத்தர் பாக்கறதுக்கு மூச்சுப் பயிற்சி மருந்து கிடையாது. தோளு இறங்கின அப்புறம்தான் எனக்கு அது எவ்வளவு பாரம்னு தெரிஞ்சுது, அப்புறம்தான் ஆபீஸ்ல போய் என்னால இதை முழுசா பாக்க முடியாதுன்னு நிதானமா சொல்ல முடிஞ்சுது. பாதி வேலையை வேற ஒருத்தருக்கு மாத்தினாங்க, மீதி இன்னும் என்கிட்டதான் இருக்கு.

போன மாசம் திரும்ப செக்கப்புக்குப் போயிருந்தேன். அதே மாதிரி ரெண்டு விரலைக் கன்னத்துல வச்சு "கடிங்க"ன்னாங்க, "விடுங்க"ன்னாங்க. கொஞ்ச நேரம் விரலை எடுக்காம வச்சிருந்துட்டு, "வலது பக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு"ன்னாங்க. "ஆமா டாக்டர், எனக்கும் தெரியுது"ன்னேன். நைட்டு பல்லுக்குப் போட்டுக்கிற கார்டை இன்னும் ஆறு மாசம் போடச் சொல்லியிருக்காங்க, போட்டுக்கிட்டுத்தான் தூங்குறேன்.